வயிறு மூடாது பிறக்கும் குழந்தைகள்

தாயின் கருவறையில் வளரும் குழந்தையின் குடல், சில கிழமைகளுக்கு அதன் வயிற்றினுள் இருப்பதில்லை. தொப்பூழ்க்கொடியின் உள்ளேயே இருக்கிறது. இது நோயன்று, குறைபாடுமன்று. நீங்களும் நானும், நம் பாட்டன் பூட்டன்மாரும் அவ்வாறே இருந்து வந்தவர்கள்தாம். கரு உருவாகிய ஆறாம் கிழமையளவில் ஈரலும் சிறுநீரகங்களும் விரைந்து பெருக்கின்றன. வயிற்றறையோ மிகச் சிறியது. குடலோ நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போகிறது. வீட்டினுள் இடம் போதாத நாளில் திண்ணைக்குப் படுக்கப் போகிறவரைப் போல, அது தொப்பூழ்க்கொடியின் அடிப்பாகத்துக்குள் நகர்ந்து அங்கே வளர்கிறது. வயிற்றறை சற்று விரிவடைந்த பின்னர், ஏறத்தாழப் பத்தாம் கிழமையில், முக்காற் சுற்றுத் திரும்பியவாறே மீண்டும் உள்ளே புகுந்து, தத்தமக்குரிய இடத்தில் வளையம் வளையமாக அமர்ந்து கொள்கிறது. பின்னர் வயிற்றின் வாயில் சுருங்கி மூடுகிறது. அவ்வாயில் இருந்த இடத்துக்கு அடையாளமாக நமக்கு எஞ்சியிருப்பதே தொப்பூழ்.

சில ஆயிரம் பிறப்புகளுக்கு ஒன்றாக, இந்த ஒழுங்கு பிசகுகிறது. வெளியே சென்ற குடல் உள்ளே திரும்பாமலே நின்றுவிடுகிறது. அல்லது வயிற்றுச் சுவரிலே வேறோர் இடத்தில் வாயில் திறந்து, குடல் அதன் வழியாக வெளியேறுகிறது. அத்தகைய குழந்தை பிறக்கும்போது காண்போர் நெஞ்சம் பதறும். கை கால் அசைத்து, வீறிட்டு அழுது, பிற எல்லாக் குழந்தைகளையும் போலவே இருக்கும் சிசுவின் வயிற்றின்மேல் அதன் குடல் கிடக்கும். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே. யான் வைத்தியன் அல்லேன். கலைப் பட்டம் பெற்றுப் பாடசாலை நடத்துபவன். எனினும், இத்தகைய குழந்தை ஒன்றின் உயிர் பெரும்பாலும் சத்திரசிகிச்சை அறைக்கு வெளியிலேயே, முதற் சில மணி நேரத்திலேயே தீர்மானிக்கப்படுகிறது என்பதை அறிந்தபோது, இது வைத்தியர்கள் மட்டும் அறிந்திருந்தாற் போதிய செய்தியன்று என எனக்குத் தோன்றியது.

முதலில் இரண்டு வகைகளைப் பிரித்தறிதல் வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினும் இவை இரண்டும் வேறு வேறு.

ஒருவகையை வைத்தியர்கள் 'ஒம்பலோசீல்' என்பர். தொப்பூழ்ப் பிதுக்கம் என நாம் அதனைச் சொல்லலாம். இதிலே தொப்பூழ் வளையமே அகன்று கிடக்கும். அதனூடாக வெளிவந்த குடலை, சில வேளைகளில் ஈரலையுங்கூட, மெல்லிய பளபளப்பான சவ்வுப் பை ஒன்று மூடியிருக்கும். தொப்பூழ்க்கொடி அந்தப் பையின் உச்சியிலேயே பொருந்தியிருக்கும். பை கிழியாதிருக்கும் வரையில் உள்ளுறுப்புகளுக்கு ஓரளவு காவல் உண்டு. ஆனால் இவ்வகைக் குழந்தைகளுக்கு வேறு குறைபாடுகளும் சேர்ந்து வருவது மிகுதி. இதயத்தில் துவாரம் இருக்கலாம். நிறமூர்த்தங்களின் எண்ணிக்கையிலேயே பிழை இருக்கலாம். நாக்குப் பெருத்து, பிறந்தவுடன் குருதியிற் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும் ஒருவகை நோயும் இதனுடன் வருவதுண்டு. ஆதலின் இங்கே குழந்தையின் விதியைத் தீர்மானிப்பது வயிற்றிலுள்ள பையன்று. அதனுடன் கூட வந்தவை எவை என்பதே.

மற்றைய வகைக்குக் 'காஸ்ரோஸ்கைசிஸ்' என்று பெயர். கிரேக்க மொழியில் வயிற்றுப் பிளவு என்பது இதன் பொருள். இதிலே தொப்பூழும் கொடியும் தமக்குரிய இடத்தில் நன்றாகவே இருக்கும். அவற்றுக்குச் சற்று வலப்புறமாக, பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு சென்ரிமீற்றர் அகலமான துவாரம் ஒன்றிருக்கும். இவ்வளவு சிறிய துவாரத்தின் வழியே குடல் முழுவதும் வெளிவந்து, சவ்வோ பையோ இன்றி வெறுமையாய்க் கிடக்கும். பல மாதங்களாகப் பனிக்குட நீரில் ஊறியமையால் அது தடித்துச் சிவந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டும் இருக்கலாம். பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்றுக்குக் குடலின் ஒரு பகுதி அடைபட்டோ அற்றோ இருக்கும். ஆயினும், குடலை விட்டால் இக்குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வேறு குறையே இராது. இதயம் நன்று, மூளை நன்று. குடல் மட்டும் காக்கப்படுமாயின் நெடுங்காலம் வாழத்தக்க உடம்பு. இதனாலேதான், சிகிச்சை கிடைக்குமிடத்தில் இக்குழந்தைகள் பிழைப்பதும், கிடைக்காவிடத்தில் மடிவதும் நம் மனத்தை இவ்வளவு உறுத்துகின்றன.

இடையிலே ஒன்று சொல்லவேண்டும். நம் வீடுகளில் பல குழந்தைகளுக்குத் தொப்பூழ் துருத்திக்கொண்டிருக்கும். அழும்போது மேலும் புடைக்கும். அது தோலால் மூடப்பட்ட சாதாரண வீக்கம். இங்கே பேசப்படும் நோய்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெரும்பாலானவை நான்கைந்து வயதுக்குள் தாமாகவே அடங்கிவிடும். அதன்மேல் நாணயம் வைத்துக் கட்டும் வழக்கத்தாற் பயனில்லை; தோல் புண்ணாவதே மிச்சம். வீக்கம் கடினமாகி, உள்ளே அமுங்காமல், குழந்தை வாந்தி எடுத்து அழுமாயின் மட்டும் தாமதியாது வைத்தியரிடம் கொண்டு செல்க.

இந்தக் குறைபாடுகள் ஏன் உண்டாகின்றன என்ற கேள்விக்கு விஞ்ஞானம் இன்னும் முடிவான விடை கூறவில்லை. வயிற்றுப் பிளவு ஏறத்தாழ எப்போதும் வலப்பக்கத்தையே நாடுவது ஏன் என்பதற்கு, வலப்புறத் தொப்பூழ் நாளம் கருவிலேயே மறைந்துபோவதைக் காட்டுவோர் உளர். குடலுக்குச் செல்லும் குருதிக்குழாயில் ஏற்படும் தடையைக் காட்டுவோரும் உளர். திட்டமாகத் தெரிந்தது ஒன்று. இருபது வயதுக்குக் குறைந்த தாய்மாரின் குழந்தைகளிலேயே இது மிகுதியாகக் காணப்படுகிறது. தாய் புகை பிடிப்பதும் ஆபத்தைக் கூட்டும் என்பர். அண்மைப் பத்தாண்டுகளில் உலகின் பல பாகங்களில் இது பெருகியும் வந்திருக்கிறது. அமெரிக்காவின் பதினான்கு மாநிலங்களில் எடுத்த கணக்கின்படி, 1995 முதல் 2005 வரை பத்தாயிரம் பிறப்புகளுக்கு 3.6 ஆக இருந்த எண்ணிக்கை, 2006 முதல் 2012 வரையான காலத்தில் 4.9 ஆக உயர்ந்தது. காரணம் புலப்படவில்லை.

விஞ்ஞானம் விடை கூறாத இடத்தில் அயலார் விடை கூறிவிடுகிறார்கள் என்பதே நம் ஊர்களின் துன்பம். எம் பாடசாலையிற் படித்து, உயர்தர வகுப்பை முடித்த கையோடு மணமுடித்த பெண் ஒருத்திக்குப் பத்தொன்பதாம் வயதிலே வயிற்றுப் பிளவுடன் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தையைப் பார்க்க வந்த உறவினர் முதலிற் கேட்டது, "கிரகணத்தன்று வெளியே போனாயா, பிள்ளை? கத்தி எடுத்து ஏதாவது வெட்டினாயா?" என்பதே. குழந்தை சத்திரசிகிச்சைக்காக வேறோர் ஊருக்குக் கொண்டு செல்லப்பட்டிருந்த அவ்வேளையில், வெறுங்கையோடு கட்டிலில் இருந்த அந்தப் பெண் இந்த விசாரணைக்கு மறுமொழி சொல்லவேண்டியிருந்தது. சூரியனும் சந்திரனும் நிழலுள் மறைவது பூமியெங்கும் நிகழும் ஒன்று. அந்நாளில் உலகிலே கோடிக்கணக்கான கர்ப்பிணிகள் கறி நறுக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். குடல் திரும்பி வரும் கிழமைகளோ கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே, பல பெண்கள் தாம் கருவுற்றதைத் திடமாக அறிந்துகொள்ளும் காலத்தை ஒட்டியே கழிந்துவிடுகின்றன. தாய் எதைச் செய்தாள், எதைச் செய்யவில்லை என்று துருவுவதில் அணுவளவும் பயனில்லை. அந்தச் சிறுவன் இப்போது இரண்டாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்கிறான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இனி, பிறந்த கணத்திலிருந்து நடக்கவேண்டியவற்றைப் பார்ப்போம். மிக நுணுக்கமான பகுதி இதுவே. ஆயினும் இதற்குப் பெரும் இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை.

பிறந்த சிசு வெப்பத்தை எளிதில் இழந்துவிடும். குடல் வெளியே கிடக்கும் சிசுவோ அதனைப் பன்மடங்கு விரைவாக இழக்கிறது. ஈரமான குடலின் பரப்பு முழுவதிலுமிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. மண்குடத்து நீர் குளிர்வது எதனாலோ, அதனாலேயே இக்குழந்தையின் உடலும் குளிர்கிறது. அத்தோடு உடம்பின் நீரும் உப்பும் வற்றிப் போகின்றன. குடலின் மேல் ஈரத் துணியைச் சுற்றி நெடுந்தூரம் அனுப்பினால், துணி சிறிது நேரத்தில் ஆறிக் குளிர்ந்து, காக்க வைத்ததே கேடாக முடியும். ஆகவே, இன்று பெரும்பாலும் கையாளப்படும் முறை, குழந்தையைக் கக்கம் வரை தூய ஒளிபுகும் பொலித்தீன் பையினுள் இடுவது, அல்லது உணவுப் பண்டங்களைப் பொதியும் மெல்லிய தாளையொத்த தூய தாளினால் குடலைச் சுற்றிவிடுவது. ஈரம் வெளியேறாது, வெப்பமும் தங்கும், குடலின் நிறத்தை வெளியிலிருந்தே பார்த்துக்கொண்டும் இருக்கலாம்.

நிறத்தைப் பார்ப்பது ஏன்? துவாரம் சிறியது; குடல் பெரியது. குடலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் நாளங்கள் அத்துவாரத்தின் விளிம்பில் மடிந்தோ முறுகியோ போகலாம். இளஞ்சிவப்பாக இருந்த குடல் கருநீலமாக மாறினால் ஆபத்து நெருங்கிவிட்டது என்பது பொருள். இதனைத் தடுப்பதற்காகவே குழந்தையை வலப்பக்கமாகச் சரித்துக் கிடத்தி, குடற்குவையை வயிற்றின் நடுவே நேராகத் தாங்கி வைக்கிறார்கள். ஒரு பக்கமாகத் தொங்கவிட்டால் நாளங்கள் மடியும். ஒரு துணிச் சுருளும் ஒரு தாதியின் கவனமும் செய்யும் வேலை இது. இதனைச் செய்யத் தவறினால் பிறகு எந்தச் சத்திரசிகிச்சை நிபுணராலும் இறந்த குடலை உயிர்ப்பிக்க முடியாது.

அடுத்து, மூக்கின் வழியாகவோ வாயின் வழியாகவோ இரைப்பைக்குள் மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, அதிலுள்ள காற்றையும் நீரையும் வெளியேற்ற வேண்டும். விழுங்கிய காற்றினால் குடல் ஊதுமாயின் அதனை உள்ளே வைப்பது கடினமாகும். வாந்தி சுவாசப்பைக்குள் சென்றால் மூச்சுக்கே மோசம். நாளத்தின் வழியே சேலைன் ஏற்ற வேண்டும். இக்குழந்தைகளுக்கு மற்றைய சிசுக்களைக் காட்டிலும் மிகுதியான நீர் தேவை. கிருமி கொல்லும் மருந்தும் வேண்டும். வாயினாற் பால் கொடுத்தல் ஆகாது. இவை அனைத்தும் முடிந்த பின்னரே வண்டி புறப்பட வேண்டும். பதற்றத்தில் குழந்தையைத் துணியிற் சுருட்டிக்கொண்டு விரைந்தோடுவதைவிட, அரைமணி நேரம் செலவிட்டு இவற்றைச் செய்து அனுப்புவது மேல்.

குழந்தை சத்திரசிகிச்சை நிபுணரின் கையை அடைந்தபின் நடப்பதிலே ஒரு சுவையான வரலாறு உண்டு. வெளியே கிடப்பதை உள்ளே தள்ளித் தைத்துவிட்டால் முடிந்தது என்றுதான் எவரும் எண்ணுவர். 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வாட்கின்ஸ் என்பவர் வயிற்றுப் பிளவொன்றை இவ்வாறு மூடிக் குழந்தையைக் காப்பாற்றினார். ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் இது கைகூடவில்லை. குடல் வெளியிலேயே வளர்ந்தமையால் வயிறு விரிந்து பழகவில்லை. சிறிய பெட்டிக்குள் பெரிய சீலையைத் திணித்து மூடியைப் பலவந்தமாக அழுத்தினால் என்ன ஆகும்? உள்ளே ஏறிய அழுத்தம் பெருநாளத்தை நசுக்கி, இதயத்துக்கு இரத்தம் திரும்பாமற் செய்யும், சிறுநீரகம் செயலறும், பிரிமென்றகடு மேலே தள்ளப்பட்டு மூச்சு அடைபடும், உள்ளே வைத்த குடலே கருகிப் போகும். தையல் அழகாக இருக்கும்; குழந்தை இறந்திருக்கும்.

பொஸ்ரன் நகரச் சிறுவர் வைத்தியசாலையின் றொபேட் குறோஸ், 1948இல் பெரிய தொப்பூழ்ப் பிதுக்கங்களுக்கு ஒரு வழி கண்டார். தசையை இழுத்து மூடாமல் தோலை மட்டும் இருபுறமிருந்தும் இழுத்துப் போர்த்து, உள்ளே இருப்பதற்கு இடம் விட்டு, பல மாதங்களின் பின் இரண்டாம் சத்திரசிகிச்சையில் தசையைச் சேர்ப்பது அது. பலருக்கு இது உதவியது. ஆயினும் பிதுங்கிய வயிற்றோடு குழந்தை வாழ வேண்டியிருந்தது. அதே நகரில் 1967இல் சாமுவேல் ஷுஸ்ரர் இதனினும் நுட்பமான ஒன்றைச் செய்தார். துவாரத்தின் ஓரங்களிலே செயற்கை நாரினாலான துணியைத் தைத்து, குடலை அத்துணிக்குள் வைத்துக் கட்டி, நாளொன்றுக்குச் சிறிது சிறிதாக அதனைச் சுருக்கி வந்தார். 1969இல் அலன், றென் என்னும் இருவர், ஒட்டாத இயல்புடைய சிலிக்கன் தகட்டினால் அப்பையை அமைத்தனர். நிமிர்ந்து நிற்கும் அப்பைக்குத் தானியம் சேமிக்கும் கோபுரத்தின் பெயரையே மேனாட்டார் இட்டு, 'சைலோ' என்கின்றனர். நம்மவர் குதிர் என்றோ கொம்பறை என்றோ சொல்லியிருப்பர். ஆனால் இந்தக் குதிர் நாளுக்கு நாள் குறைந்து வருவதற்காகவே கட்டப்படுவது.

பையைக் குழந்தையின் வயிற்றுக்கு நேர்மேலே தொங்கவிடுகிறார்கள். குடல் தன் பாரத்தினாலேயே மெல்ல மெல்ல உள்ளே இறங்குகிறது. நாளுக்கு ஒரு தடவையோ இரு தடவையோ வைத்தியர் பையின் மேற்பகுதியைச் சிறிதளவு இறுக்கிக் கட்டுவார். வயிறும் அந்த அளவுக்கு விரிந்து கொடுக்கும். ஏறத்தாழ ஒரு கிழமையில் எல்லாம் உள்ளே போய்விடும். பின்னர் துவாரத்தை மூடுவர். 1990களில், அடியில் வளையும் விற்சுருள் வளையம் பொருத்திய பை வந்தபின், தையலும் வேண்டியதில்லை. வளையத்தை அமுக்கித் துவாரத்தினுள் விட்டால் அது விரிந்து பற்றிக்கொள்ளும். குழந்தையின் கட்டிலருகிலேயே, மயக்க மருந்தின்றி இதனைச் செய்துவிடலாம். மான்செஸ்ரர் நகரில் பியாங்கி, டிக்சன் ஆகியோர் 1998இல் எழுதிய கட்டுரையொன்றில், தகுந்த குழந்தைகளுக்கு மயக்க மருந்தே கொடாமல் குடலைக் கையால் மெல்ல உள்ளே விட்ட அனுபவத்தை விவரித்தனர். கைத்திறன் வளர வளரக் கத்தியின் வேலை குறைந்து வந்திருப்பது இத்துறையின் விந்தை.

ஆனால் குடல் உள்ளே போனவுடன் குழந்தை பால் குடித்துவிடுமா? குடிக்காது. தடித்து மரத்துப்போன குடல் அசையவே பல நாட்கள், சில வேளை பல கிழமைகள் செல்லும். முன்னாளில், சத்திரசிகிச்சையை வென்ற குழந்தைகள் பட்டினியால் இறந்தன. இந்தக் கதவைத் திறந்தவர்கள் பிலடெல்பியா நகரைச் சேர்ந்த ஸ்ரான்லி டட்ரிக், டக்ளஸ் வில்மோர் முதலியோர். உடம்புக்கு வேண்டிய சர்க்கரை, புரதக்கூறு, உப்பு, உயிர்ச்சத்து யாவற்றையும் கரைத்துப் பெருநாளம் ஒன்றின் வழியே ஏற்றினால் உயிர் வளருமா என்பதை டட்ரிக் முதலில் நாய்க்குட்டிகளிற் சோதித்தார். அவை வாயால் ஒன்றும் உண்ணாமலே வளர்ந்தன. 1967இல், சிறுகுடல் ஏறத்தாழ முழுவதும் அற்றுப் பிறந்து மெலிந்து கொண்டிருந்த பெண் சிசு ஒன்றுக்கு இதனைச் செய்தனர். சிசு நிறை கூடியது; தலை வளர்ந்தது. அக்குழந்தை இரண்டு வயது நிரம்பு முன்னரே இறந்துவிட்டது. எனினும் 1968இல் வெளிவந்த அந்தச் செய்தி, குடல் இயங்காத எத்தனையோ சிசுக்களுக்கு உயிர்ப்பிச்சை ஆயிற்று. வயிற்றுப் பிளவுக் குழந்தைகள் பெருந்தொகையாகப் பிழைக்கத் தொடங்கியதற்குக் காரணம் தனியே பையன்று. பையும் இந்த நாள உணவும் இரண்டாண்டுக்குள் அடுத்தடுத்து வந்து சேர்ந்தமையே.

இங்கே பெற்றோருக்குப் புரியவேண்டிய ஒன்றுண்டு. "பிள்ளைக்குப் பால் கொடாமற் பட்டினி போடுகிறார்கள்" என்று வைத்தியசாலை வாசலில் நின்று பாட்டிமார் கலங்குவர். இரைப்பைக் குழாயில் வரும் பச்சைநிறப் பித்தநீர் நாளுக்கு நாள் குறைந்து நிறம் தெளிந்து, குழந்தை மலமும் கழித்த பின்னரே பால் தொடங்கப்படும். அதுவும் சில துளிகளாகவே. அத்துளிகள் தாய்ப்பாலாக இருத்தல் மிக நன்று. ஆகவே, குழந்தை அருகில் இல்லாத நாட்களிலும் தாய் ஒழுங்காகப் பாலைக் கறந்து கொண்டிருக்க வேண்டும். இல்லையேல் தேவைப்படும் வேளையில் பால் வற்றியிருக்கும். நாள உணவை நீண்ட காலம் ஏற்றினால் ஈரலுக்குத் தீங்கு வரலாம். குழாய் வழியே கிருமியும் புகலாம். ஆதலின் வைத்தியர் அவசரப்படவும் முடியாது. அளவுக்கு மிஞ்சித் தாமதிக்கவும் முடியாது. எல்லாம் நன்றாக நடந்தாலும் ஏறத்தாழ ஒரு மாதம் வைத்தியசாலையில் இருக்க வேண்டி வரும்.

தொப்பூழ்ப் பிதுக்கத்தின் பக்கம் திரும்பினால், சிறியவற்றை உடனே மூடிவிடுவர். ஈரல் முழுவதும் வெளியே இருக்கும் பெரியவற்றில் விரைவு உதவாது. பையின் மேல் மருந்து பூசி, அது மெல்ல உலர்ந்து தடித்து, ஓரங்களிலிருந்து தோல் வளர்ந்து மூடும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பர். சூரிச் நகரின் மக்ஸ் குறோப் 1963இல் இதற்கு மெர்குறோகுறோம் என்னும் செந்நிற மருந்தைப் பூசும் முறையை எழுதினார். அதிலுள்ள பாதரசம் சிசுவின் உடலிற் சேர்ந்து நஞ்சாவது பின்னர் தெரியவந்தமையால் அது கைவிடப்பட்டு, வெள்ளி கலந்த களிம்பு போன்ற வேறு மருந்துகள் இடம்பெற்றன. மருந்து மாறிற்று, காத்திருக்கும் முறை மாறவில்லை.

பையும் நாள உணவும் வந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. எனினும் அவை எல்லோருக்கும் வந்து சேரவில்லை. பிறவிக் குடற்குறைபாடுகளோடு வந்த குழந்தைகளைப் பற்றி 74 நாடுகளிலுள்ள 264 வைத்தியசாலைகளில் எடுத்த கணக்கொன்று 2021இல் 'லான்செற்' சஞ்சிகையில் வெளிவந்தது. வயிற்றுப் பிளவை மட்டும் எடுத்துக்கொண்டால், செல்வந்த நாடுகளில் 139 குழந்தைகளில் இறந்தவை இரண்டு. நடுத்தர வருமான நாடுகளில் 304இல் 97. வறிய நாடுகளில் பத்தில் ஒன்பது. குழந்தைகள் ஒன்றே, துவாரம் ஒன்றே, பிறந்த இடம் மட்டும் வேறு. விலையுயர்ந்த பைகள் கிடைக்காத நாடுகளில், சேலைன் பை, சிறுநீர்ப் பை, சத்திரசிகிச்சைக் கையுறை முதலிய கைக்கெட்டிய பொருள்களைக் கிருமி நீக்கிப் பையாக்கி வைத்தியர்கள் குழந்தைகளைக் காத்து வருகின்றனர். பைக்கு மாற்று உண்டு. பயிற்சி பெற்ற தாதியருக்கும் நாள உணவுக்கும் வெப்பமான கட்டிலுக்கும் மாற்றுக் காண்பதுதான் அரிது.

நம் இலங்கை நடுத்தர வருமான நாடுகளின் வரிசையில் வைக்கப்படுவது. ஆயினும் நமக்கு ஒரு பெரும் பேறு உண்டு: ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன, வீட்டுப் படலைக்கே வந்து கர்ப்பிணிகளைக் கணக்கெடுக்கும் குடும்பநல உத்தியோகத்தர் கிராமந்தோறும் உளர். கொழும்பு சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை போன்ற இடங்களில் சிறுவர் சத்திரசிகிச்சை நிபுணர்கள் இருக்கின்றனர். இவற்றை இணைக்கும் கண்ணி, கர்ப்ப காலத்து ஸ்கான் பரிசோதனை. பன்னிரண்டாம் கிழமைக்குப் பின் எடுக்கும் ஸ்கானில், குடல் திரும்பி உள்ளே வந்துவிட்டதா என்பதைத் தேர்ந்த கண் காணமுடியும். ஸ்கான் முன்கூட்டியே சொல்லிவிட்டால், சத்திரசிகிச்சை நிபுணர் உள்ள பெரிய வைத்தியசாலையிலேயே பிரசவத்தை ஒழுங்கு செய்யலாம். குழந்தைக்கு மிகப் பாதுகாப்பான வண்டி தாயின் கருப்பையே. வயிற்றுப் பிளவுக்காக மட்டும் தாயின் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கவேண்டும் என்பதில்லை, இயற்கையாகவே பெறலாம். ஈரல் முழுவதும் வெளியே உள்ள பெரிய தொப்பூழ்ப் பிதுக்கத்துக்கு மட்டும் சத்திரசிகிச்சைப் பிரசவத்தைப் பெரும்பாலோர் விரும்புவர். ஸ்கானுக்கு வரச்சொன்ன நாளிலே "நாள் நல்லதில்லை" என்று ஒத்திப்போடும் குடும்பத்தார், எதை ஒத்திப்போடுகிறோம் என்பதை எண்ணிப் பார்ப்பார்களாக.

வளர்ந்த பின் இக்குழந்தைகள் எவ்வாறு வாழ்கின்றன? பெரும்பாலோர் மற்றவரைப் போலவே ஓடுகின்றனர், உண்கின்றனர், படிக்கின்றனர். குடல் தன் முக்காற் சுற்றைச் சுற்றாமற் போனமையால் அது முறுகவும், முன்னைய சத்திரசிகிச்சையின் தழும்பினால் அடைபடவும் சிறிது வாய்ப்பு எப்போதும் உண்டு. ஆகவே இத்தகைய பிள்ளை கடும் வயிற்று வலியோடு பச்சை வாந்தி எடுத்தால், அது பத்து வயதாயினும் இருபது வயதாயினும், வீட்டுக் கசாயத்தோடு நிறுத்தாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், பிறப்பில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆசிரியர்களும் இதனை அறிந்திருத்தல் நன்று. வகுப்பறையில் வயிற்று வலி என்றால் வீட்டுப்பாடம் செய்யாத சாட்டென்றே நாம் எண்ணிவிடுகிறோம்.

இறுதியாக ஒரு சிறு செய்தி. பழைய முறையில் துவாரத்தை மூடியபோது, தொப்பூழையும் வெட்டி எறிந்துவிட்டு நேர்கோடாகத் தைத்துவிடுவர். உயிர் பிழைத்ததே பெரிதென்றிருந்த காலத்தில் தொப்பூழைப் பற்றி யார் கவலைப்பட்டார்? ஆனால் அவ்வாறு வளர்ந்து பெரியவரான பலரிடம் பின்னர் விசாரித்தபோது, தொப்பூழ் இல்லாமையே தம் சிறுவயதில் தமக்கு மிகுந்த மனவருத்தம் தந்ததெனக் கூறினர். கடலிலோ குளத்திலோ குளிக்கச் சட்டையைக் கழற்றும்போது தோழர் சுற்றி நின்று பார்ப்பர், "உனக்கு ஏன் இல்லை?" என்பர். 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர்கள் சாண்ட்லர் முதலியோர், தையலே போடாமல், குழந்தையின் சொந்தத் தொப்பூழ்க்கொடியின் துண்டையே துவாரத்தின் மேல் மூடியாக வைத்து, மேலே ஒட்டுச்சீலை ஒட்டிவிடும் முறையை வெளியிட்டனர். உடம்பு தானே சுருங்கி அதனை மூடிக்கொள்கிறது. சில கிழமைகளில் கொடித்துண்டு காய்ந்து உதிர்ந்து, அந்த இடத்தில், சற்றுக் கோணலாக இருந்தாலும், ஒரு தொப்பூழ் உண்டாகிவிடுகிறது.